மெம்பரின் கால் பலகையும் ஒரு செல்ஃப் மோட்டாரும்

“…அப்புறம் இந்த சீட்டுக்கு இன்னா மரியாத இருக்குது, நீயே சொல்லு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார் மெம்பர்.

இடம் வெள்ளிமலை ஜீப் ஸ்டாண்டு. அவர் உட்கார்ந்திருந்தது அலமேலுவின் ஜீப்பில், முன் சீட்டில். ஜீப் அப்போதுதான் சாவியைத் திருப்பிய மறுநொடி ஸ்டார்ட் ஆகி நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. பழுது பார்த்தவன் நான். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று என்னைத் திட்டியவர்கள் கள்ளக்குறிச்சி முழுக்க உண்டு. ஸ்டார்ட் ஆகிவிட்டதே என்று கோபித்துக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

புதிதாக இந்த ஆட்டோ எலக்ட்ரிக் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளே, ஒன்றிரண்டு தங்கச்சிகளே, அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. அது புரிய வேண்டுமென்றால் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

ஸ்டார்ட்டர் மோட்டாரை நம் பக்கத்தில் செல்ஃப் என்போம். “செல்ஃப் எடுக்கலைங்க” என்று ஒருவர் கடைக்கு வந்தால் நீங்கள் முதலில் கையில் எடுப்பது மீட்டர். சிலர் செல்போனை எடுத்துப் படம் பார்க்கிறீர்கள். நான் கடை நடத்திய காலமெல்லாம் முதலில் எடுத்தது ஸ்டூல். வந்தவரை அதில் உட்கார வைத்து, வண்டி என்ன செய்கிறது என்று வாயால் சொல்லச் சொல்வேன். சனங்கள் சொல்கிற அழகு ஒரு புத்தகத்திலும் கிடையாது. சங்கராபுரத்துக் கரும்பு விவசாயி ஒருவர் சொன்னார்: “பள்ளிக்கூடம் போவ மாட்டேன்னு அழுவற புள்ள மாதிரி ங்… ங்… ங்… குதுங்க.” முடிந்தது, பேட்டரியில் தெம்பில்லை, இல்லாவிட்டால் மோட்டாருக்குள் தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்து, சுற்ற விடாமல் இழுக்கிறது. பால் வண்டிக்காரர் சொன்னார்: “டிக்குனு ஒரே ஒரு சத்தம். வூட்ல கோவமா இருக்கறப்ப ‘உம்’ங்கறாங்களே, அது மாதிரி. அதோட சரி, பேச்சு வார்த்த இல்ல.” கரண்டு மோட்டார் வரைக்கும் வந்து வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். இன்னொருவர், பாவம், சொந்த வாழ்க்கையையும் சேர்த்தே சொன்னார்: “செல்ஃப் அது பாட்டுக்கு விர்ருனு சுத்துது, இன்ஜினு அது பாட்டுக்கு கம்முனு கெடக்குது. ஒரே வூட்ல ரெண்டு அடுப்புங்க.” மோட்டாரின் பல் சக்கரம் போய்க் கடிக்கவில்லை. இதற்கு மேல் மீட்டர் என்ன சொல்லப்போகிறது?

இவ்வளவு காது கொடுத்துக் கேட்கிற எங்கள் கடைத்தெருவே, அலமேலு சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டுச் சிரித்துத் தள்ளிவிட்டது.

அலமேலுவுக்கு ஊர் மலைமேல் வெள்ளிமலை. கணவர் இறந்த பிறகு அவர் விட்டுப்போன டீசல் ஜீப்பைத் தானே ஓட்டக் கற்றுக்கொண்டு, அடிவாரத்துக் கச்சிராயபாளையத்துக்கும் மலைக்கும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தவர். அந்த ஜீப்பின் வியாதி விசித்திரமானது. கள்ளக்குறிச்சியில் எந்தக் கடை வாசலில் நிறுத்தினாலும் தொட்டால் ஸ்டார்ட். மலை ஏறி அணைத்தால் செத்தது. மாமியார் வீட்டில் வாயே திறக்காத மருமகன் தன் வீட்டுக்குப் போனதும் சாமி ஆடுவது மாதிரி.

கடைத்தெருவில் ஆளுக்கொரு வைத்தியம். பேட்டரி விற்கிறவர், பேட்டரி போய்விட்டது என்றார். வயரிங் செய்கிறவர், வயரிங்தான் என்று அடித்துச் சொன்னார். மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர், பார்த்ததுமே காயிலின் நாற்றம் வருவதாக மூக்கைச் சுளித்தார். நான் மட்டும் சும்மா இருப்பேனா, என் கடையில் மோட்டாருக்குப் போடுகிற கார்பன் பிரஷ் நிறைய இருந்தது, அதை மாற்றினேன். எலுமிச்சம்பழம் விற்கிறவர், திருஷ்டி என்றார். எங்கள் எல்லாரிலும் அவர் வைத்தியத்துக்குத்தான் செலவு கம்மி, பலன் எல்லாம் ஒன்றே.

அலமேலு எல்லாரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்லிப் பார்த்தார்: “அணைக்கிற கேபிளு சுடுதுண்ணே.” பழைய டீசல் ஜீப்பில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் அணையாது. டேஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும், அதைப் பிடித்து இழுக்க வேண்டும், அதன் கேபிள் இன்ஜினுக்குப் போகும். “செல்ஃப் அடிச்சி அடிச்சி பாத்துட்டு அந்தக் கேபிள தொட்டா கை வைக்க முடியல” என்றார். காயில் சுற்றுகிறவர் கேட்டார்: “இன்ஜினுக்குப் போற கேபிளு சுடாம, ஐஸ்கிரீமா இருக்கும்?” எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் என் பங்கும் உண்டு.

மலைக்காரர்கள் இந்த வியாதியோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டிருந்தார்கள். முதல் விதி, இன்ஜினை அணைக்காதே. டீ குடிக்கிற நேரம், ஆள் சேர்கிற நேரம் முழுக்க ஜீப் ஓடிக்கொண்டே நிற்கும். இரண்டாவது, நிறுத்தினால் சரிவில் நிறுத்து. மூன்றாவதுதான் முக்கியம், தள்ளுகிற வரிசை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். பின் படியில் தொங்குகிறவர்கள் தள்ள வேண்டும், தள்ளிவிட்டு ஓடிவந்து தொற்றிக்கொள்ள வேண்டும். பின் சீட்டுக்காரர்களும் தள்ள வேண்டும். நடு சீட்டுக்காரர்கள் கீழே இறங்கி, வண்டி மேல் கை வைத்தால் போதும், பலம் கொடுக்கத் தேவையில்லை. வாத்தியார்கள் மற்றவர்களின் பைகளைப் பிடித்துக்கொள்ளலாம். கைக்குழந்தைக்காரிக்கும் ஆட்டுக்கும் விலக்கு. புது மாப்பிள்ளையாக இருந்தால், மாமனார் ஊர்க்காரர்கள் பார்க்கிறார்களே என்று எல்லாரையும்விட ஜாஸ்தியாகத் தள்ள வேண்டும். முன் சீட்டில் இருப்பவர் இறங்கவே கூடாது. அவர் உள்ளே இருந்தபடி கையைத் தூக்கி “ம்… தள்ளு!” என்று சொல்ல வேண்டும்.

அந்த முன் சீட்டு மெம்பருக்கு. எப்போதோ ஒரே ஒரு முறை வார்டு மெம்பராக இருந்தவர். பதவி போன பிறகும் பட்டம் அவரை விட்டுப் போக மறுத்துவிட்டது. அடிவாரத்தில் வீடு, மலைமேல் மரவள்ளிக் கொல்லை, தினமும் போக்குவரத்து. இத்தனை ஜீப்புகள் இருந்தும் அவர் அலமேலு ஜீப்பில்தான் ஏறுவார். அந்த வண்டியைத்தான் ஜாஸ்தி தள்ள வேண்டியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அடிவாரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்காரர், மலைப் பிள்ளைகளைத் தினமும் கூட்டிவந்து விட வண்டி தேடினார். அலமேலுவைக் கூப்பிட்டுப் பேசினார். ஒரே நிபந்தனை: “எங்க பசங்க வண்டி தள்ளக் கூடாது. திங்கக்கெழம கிரவுண்டுக்கு வா. என் கண்ணு முன்னாடி அணைச்சி, சாவி போட்டு எடுத்துக் காட்டு.”

அலமேலு சனிக்கிழமை காலை என் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை.

“இந்தப் பள்ளிக்கூட சவாரி கெடைச்சா வண்டி என் கைல நிக்கும்ண்ணே. வண்டி புரோக்கர் ஏற்கெனவே ரெண்டு தடவ வந்து டயர ஒதைச்சி பாத்துட்டுப் போயிட்டான். இல்லன்னா அவன்கிட்ட வித்துட்டு மெம்பர் கொல்லில மரவள்ளி புடுங்க போவ வேண்டியதுதான். அவரும் சொல்லிட்டாரு, ‘ஜீப்பு போனா இன்னா, நம்ம கொல்லி இருக்குது, வா’ன்னு.”

“நல்ல மனுஷன்” என்றேன்.

“ரொம்ப நல்லவரு. நான் கஷ்டப்படறதுக்கு முன்னாடியே ஆறுதல் சொல்றாரு.”

நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். “இந்தத் தொந்தரவு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, கடைசியா வண்டில கை வெச்சது யாரு?”

“யாரும் இல்லண்ணே. ஆயுத பூஜைக்கு பெயின்ட் அடிச்சோம். வேலன்னு ஒண்ணும் பாக்கல.”

சாவியைப் போட்டேன். கடை வாசலில் தொட்டதும் ஸ்டார்ட். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த வண்டியை எங்கள் தெருவில் எத்தனை பேர் எத்தனை தரம் பார்த்தோம், எல்லாரும் பார்த்தது அது ஆரோக்கியமாக இருக்கிற இடத்தில். நோயாளி மலைமேல் படுத்திருக்க, நாங்கள் கள்ளக்குறிச்சியில் நாடி பிடித்துக்கொண்டிருந்தோம். கடையை இழுத்து மூடிவிட்டு, ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு நானும் ஜீப்பில் ஏறினேன்.

கச்சிராயபாளையத்தில் மெம்பர் காத்திருந்தார். குடை, தோளில் துண்டு. நான் முன் சீட்டில் இருப்பதைப் பார்த்தார். பக்கத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான். நான் பின் சீட்டுக்குப் போனேன். அந்த நிமிஷத்திலிருந்து தள்ளுகிற சாதியில் சேர்ந்தேன்.

மலை ஏறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மெம்பர் இரண்டு கால்களையும் முன்னால் ஊன்றி, பின்னால் சாய்ந்து, வண்டியையே தான்தான் மேலே ஏற்றுவதுபோல மூச்சு விட்டார். வழியில் கரியாலூர் டீக்கடை வந்தது. முன்னால் சமதளம். அலமேலு வழக்கம்போல இன்ஜினை ஓடவிட்டு இறங்கப் பார்த்தார்.

“அணைம்மா” என்றேன்.

ஜீப்புக்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“இன்னாண்ணே, மேடும் இல்ல பள்ளமும் இல்ல, இங்க போயி…”

“எனுக்கு இடுப்பு வலி, இப்பவே சொல்லிட்டேன்.”

மெம்பர் திரும்பாமலே சொன்னார்: “அணைக்கணும்னா அணைங்க. நான் எறங்க மாட்டேன்.”

அலமேலு என்னைப் பார்த்தார். வண்டியில் இருந்தவர்கள் அவருடைய அன்றாடப் பயணிகள், அடுத்த ஜீப்புக்கு மாறிவிட்டால் நாளைக்கும் வரமாட்டார்கள். “அணைச்சா எடுக்காதுண்ணே” என்றார்.

“எடுக்காத எடத்துலதான் எனக்கு வேல.”

குமிழை இழுத்தார். இன்ஜின் நின்றது. ஹெட்லைட்டைப் போடச் சொல்லிவிட்டு முன்னால் போய் நின்றேன். “இப்ப அடி.” டிக். அவ்வளவுதான். விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை, என் கண்ணைக் குத்துகிற மாதிரி எரிந்தது. பேட்டரி குற்றவாளி இல்லை என்று அப்போதே விடுதலை. அது தெம்பாக இருக்கிறது, மோட்டார்தான் சாப்பிடவில்லை. “இன்னும் அடி, வுடாத.” டிக், டிக், டிக். அலமேலு அடித்துக்கொண்டே சொன்னார்: “கேபிள தொட்டுப் பாருண்ணே.”

தொட்டேன். விரலை உதறிக்கொண்டு எடுத்தேன்.

அப்போதுதான் எங்கள் தெரு சிரித்த சிரிப்பு எனக்குத் திரும்பக் கேட்டது. கரண்டு பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற ஒரு பின்னல் பட்டை, எர்த் பட்டை என்போம், அதுதான் அந்த வழி. அந்த வழி அடைபட்டால் கரண்டு சந்தில் நுழையும். இங்கே நுழைந்தது கேபிளின் இரும்பு உறையில். பஸ் போகிற ரோட்டை மறித்து, பஸ்ஸை வரப்பில் விட்டால் வரப்பு என்னாகும்? வரப்பு நொறுங்கும், கேபிள் சுடும். அலமேலு மாதக் கணக்காக எங்களிடம் விடையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் கேள்வியை மாற்றிக்கொண்டிருந்தோம்.

பானெட்டைத் தூக்கி எர்த் பட்டையைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். இன்ஜினில் ஒரு முனை நன்றாக இருந்தது. மறுமுனை பாடித் தகரத்தில், இடது பக்கம், ஒரு போல்ட்டில் முடிந்தது. போல்ட்டின் மறுபக்கம் எங்கே போகிறது என்று உள்ளே குனிந்து பார்த்தேன். இரண்டு கால்கள். பளபளப்பான செருப்பு. அதன் கீழே ஒரு இரும்புப் பலகை.

“இது இன்னா அலமேலு?”

“அதுவா? மெம்பருக்கு கால் வெக்க. வெல்டிங் கடைல செஞ்சி, அங்க இருந்த போல்ட்டுலயே சேத்துப் போட்டுட்டாங்க. கால் அதிராம இருக்க ரப்பர் வெச்சி. ஆயுத பூஜை அப்ப.”

“வேல ஒண்ணும் பாக்கலன்னு சொன்னியே!”

“இது வேலயாண்ணே? சும்மா ஒரு பலகை.”

தம்பிகளா, தங்கச்சிகளா, எத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தாலும் இதை மறக்காதீர்கள். வண்டிக்காரர் எந்த இடத்தில் “சும்மா” என்கிறாரோ அந்த இடத்தில் ஸ்பேனரை வையுங்கள். எர்த் போல்ட்டுக்கு நடுவில் ரப்பர், ரப்பர் மேல் புது பெயின்ட். ஒட்டியும் ஒட்டாமலும் இருந்த அந்த இணைப்பை மெம்பர் மலை முழுக்க மிதித்து விலக்கிக்கொண்டே வருவார். கள்ளக்குறிச்சிக்கு வரும்போது மெம்பர் கிடையாது, பலகையில் பாரம் கிடையாது, செல்ஃப் எடுக்கும். ஜீப்புக்கு வந்த வியாதி மெம்பர்.

ஆனால் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். வண்டி நிறைய ஆள் பார்த்துக்கொண்டிருக்க, “மெம்பர், உங்க காலுதான் காரணம்” என்று சொன்னால் என்ன ஆகும்? நான் சரியாகச் சொன்ன பெயரோடு கள்ளக்குறிச்சிக்குப் போய்விடுவேன். அலமேலு அதே மலையில், அதே மெம்பரோடு, தினமும் வண்டி ஓட்ட வேண்டும். உண்மையை எந்தப் பக்கமாகப் பிடித்து நீட்டுவது என்பதும் ஒரு கைவேலை.

“மெம்பர், கொஞ்சம் கால எடுங்க.”

“எதுக்கு? நான் எறங்க மாட்டேன்னு அப்பவே சொன்னேனே.”

“எறங்க வேணாம். உங்க காலுக்குக் கீழதான் கரண்டு தெணறிகினு இருக்குது. அதான் சொல்லி வெச்சேன்.”

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு கொசுவுக்குக்கூடக் கூச்சம் வராது என்பதை மட்டும் சொல்லவில்லை. மெம்பர் இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. ஒரு கணம் சீட்டில் இருந்தார், மறுகணம் டீக்கடை பெஞ்சு மேல் நின்றார். குடை மட்டும் சீட்டில் இருந்தது.

“பெஞ்சு ஒடைஞ்சிடும், எறங்குங்க மெம்பர்” என்றார் டீக்கடைக்காரர்.

நான் குனிந்து பலகையை மேலே தூக்கிப் பிடித்தேன். “அடிம்மா.” ஒரே உறுமல். வண்டிக்குள் கைதட்டினார்கள். இடுப்பு வலிக்காரர் எழுந்து நின்று தட்டினார். அலமேலு தட்டவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்புறம் செய்ததெல்லாம் உங்களுக்கே தெரிந்தது. ரப்பரைத் தூக்கி எறிந்து, பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் தகரத்தில் எர்த் பட்டையை முறுக்கினேன். “அந்தப் பலகைய பள்ளத்துல வீசுண்ணே” என்றார் அலமேலு. நான் வீசவில்லை. தள்ளி வேறு ஓட்டை பார்த்து மாட்டினேன். வண்டியில் ஒருவர் பெருமைக்கென்று ஒரு சாமான் இருந்தால் அதையும் பத்திரமாகத் திருப்பி மாட்டிவிட வேண்டும். கழற்றினால் அவர் வேறு எங்கேயாவது ஒரு போல்ட்டைத் தேடுவார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்து கிரவுண்டு. அலமேலு மலைமேலிருந்து நேராக வந்து, சூடான வண்டியை நட்டநடுவில் நிறுத்தி அணைத்தார். பள்ளிக்கூடத்துக்காரர், “எடு பாக்கலாம்” என்றார். எடுத்தார். “அணை. மறுபடி எடு.” எடுத்தார். “இன்னொரு தடவ.” எடுத்தார். அந்த நேரம் பார்த்து கிரவுண்டின் மறுபக்கத்தில் பள்ளிக்கூடத்தின் சொந்தப் பஸ்ஸை விளையாட்டு வாத்தியாரும் ஒரு வகுப்புப் பிள்ளைகளும் “ஏலேலோ” போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அலமேலு அதைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்காரர் அலமேலு பார்ப்பதைப் பார்த்தார்.

“அது உடற்பயிற்சி” என்றார். பிறகு, “நாளைலேர்ந்து வந்துடும்மா” என்றார்.

அன்றைக்கே நான் அலமேலுவோடு வெள்ளிமலை வரை போனேன். பழுது பார்த்த வண்டி, அது முன்பு எங்கே நின்றதோ அங்கே ஒரு தரம் எடுக்கிறதா என்று பார்க்காமல் கை கழுவாதீர்கள். ஸ்டாண்டில் சூடோடு அணைத்துப் போட்டோம். திரும்புகிற சவாரிக்கு ஆள் சேர்ந்தது. மெம்பர் கொல்லையிலிருந்து வந்தார், முன் சீட்டில் ஏறினார், பலகையில் காலை வைத்தார், துண்டைச் சரி செய்தார். பின் சீட்டுக்காரர்கள் ஏறினார்கள். பின் படிக்காரர்களும் உள்ளே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தள்ள ஒருவரும் கீழே இல்லை. மெம்பர் அதைக் கவனிக்கவில்லை. கையை உயர்த்தினார். “ம்…” என்று ஆரம்பித்தார்.

அலமேலு சாவியைத் திருப்பினார். ஜீப் எடுத்தது.

உயர்ந்த கை அப்படியே நின்றது. மெம்பர் மெதுவாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார். எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், மடியில் பையை வைத்துக்கொண்டு, நிம்மதியாக. போன வாரம் வேர்க்க வேர்க்கத் தள்ளிய புது மாப்பிள்ளை ஒருவன் அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான்.

“ஏம்பா எலக்ட்ரீசியன்” என்றார் மெம்பர் என்னிடம். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் ஜாஸ்தி. “பின்னாடி இருக்கறவனும் உக்காந்துகினு வரான். நானும் உக்காந்துகினு வரேன். அப்புறம் இந்த சீட்டுக்கு இன்னா மரியாத இருக்குது, நீயே சொல்லு?”

இத்தனை நாள் அவர் வாங்கியது சீட்டு இல்லை, மற்றவர்கள் இறங்கித் தள்ளுகிற காட்சி. அதை நான் எர்த் கொடுத்துக் கெடுத்துவிட்டேன்.

மெம்பர் என் முன்னால் கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது, ஸ்பேனரைக் கொடுத்தேன். குனிந்து, மூச்சு வாங்க, தன் பலகையைத் தானே கழற்றினார். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஸ்டாண்டில் மூன்றாவதாக ஒரு ஜீப் நின்றது, அதன் செல்ஃப் இரண்டு நாளாக எடுக்கவில்லை. அதன் முன் சீட்டில் ஏறி, பலகையைக் காலடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கால்களையும் ஊன்றி, துண்டை உதறித் தோளில் போட்டு, கையை உயர்த்தினார்.

“ம்… தள்ளு!”